வெள்ளரித் தொட்டியில் மீன் ஐஸ்

காலை பதினொன்று இருபதுக்கு மின்சாரம் போனது. தலத்தெருவில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை மாதமாக இரவும் பகலும் காதில் விழுந்துகொண்டிருந்த ஒரு முனகல் சட்டென்று நின்றது. மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார்களின் சத்தம் அது. எங்கள் வீட்டில் அவை மீனுக்கு ஊதவில்லை, வெள்ளரிச் செடிகளின் வேருக்கு ஊதின.

செடிகள் என் மகளுடையவை. கல்லூரியில் தாவரவியல் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுடைய ஆய்வுக்காக மாடியில் பன்னிரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு வரிசையாக இருந்தன. மண் கிடையாது. தொட்டி நிறைய உரம் கரைத்த தண்ணீர், மேலே தெர்மாகோல் மூடி, மூடியின் ஓட்டையில் செடி. வேர் தண்ணீருக்குள் தொங்கும், கொடி கயிற்றைப் பிடித்து ஏறும். இரண்டு வரிசைக்கும் ஒரே உரம், ஒரே வெயில். வித்தியாசம் தண்ணீரின் சூட்டில் மட்டும்தான். முதல் வரிசை கறுப்புத் தொட்டிகள், தரைமேல் அப்படியே வெயிலில் காய்ந்தன. இரண்டாவது வரிசைத் தொட்டிகளுக்கு வெள்ளை அடித்து, ஈர மணலுக்குள் கழுத்துவரை புதைத்திருந்தாள். மணல் காயாமல் இருக்க ஒரு மோட்டார் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்.

மத்தியான நேரத்தில் கறுப்புத் தொட்டிக்குள் விரலை விட்டால் குளிக்க வைத்த வெந்நீர்போல் இருக்கும். அந்த வரிசையின் இலைகள் வெளுத்துப்போய், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மணல் வரிசையோ கரும்பச்சையில் பிஞ்சு விட்டு நின்றது. முதல் தடவை பார்த்தபோது, "இந்தப் பக்கம் உரம் கம்மியா போட்டியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே அளவுப்பா. சோறு தட்டு நெறைய இருக்கு, திங்க முடியல. தண்ணி சூடானா அதுல காத்து தங்காது. வேருக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டுற ஆளு சாப்புடுவானா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் பாடப்புத்தகத்தில் கிடைத்ததல்ல. வரிச்சிக்குடியில் என் அண்ணன் எங்கள் பங்கு நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைக்கிறார். இவள் பள்ளியில் படித்தபோது ஒரு வருடம் நடவு தள்ளிப்போய், மார்கழிக் குளிரில் இளம்பயிர் மஞ்சளாகப் பழுத்துப்போனது. அண்ணன் உரம் போட்டார். பச்சை ஏறவில்லை. மறுபடியும் போட்டார். அக்கம்பக்கத்து வயல்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பயிர் மஞ்சளித்தால் கை தானாக உரமூட்டைக்குப் போகும். தை பிறந்து நன்றாக வெயில் ஏறியதும் வயல் முழுக்க ஒரே வாரத்தில் கருகருவென்று பச்சை ஏறியது. "ரெண்டாம் தடவ போட்டது பேசுது பாரு" என்றார் அண்ணன். "அப்ப ஒண்ணாவது தடவ போட்டது என்ன பெரியப்பா பண்ணிக்கிட்டிருந்துச்சு?" என்று இவள் கேட்டாள். அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. சில்லிட்ட தண்ணீரில் வேர் விறைத்துப்போய், காலடியில் கிடந்த உரத்தை எடுக்க முடியாமல் நின்றிருக்கிறது என்பதைப் பல வருடம் கழித்து அவளே எனக்குச் சொன்னாள். உரம் இருந்தால் மட்டும் போதாது, வேர் அதை வாங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றாள். சூட்டிலும் முடியாது, குளிரிலும் முடியாது. நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தைத்தான் மாடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

மின்சாரம் போன நாளுக்கு இரண்டு நாள் கழித்து, வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து செடிகளைப் பார்ப்பதாக இருந்தது. செடிகளைக் கல்லூரிக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் வீட்டுக்கே வர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் ஏற்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து. மேல்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் போய்விடும். மாடியில் நின்ற செடிகளில் என் மகளின் ஒரு வருடம் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று அவளுக்கு எழுத்துத் தேர்வு. நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். செடிகளுக்குக் காவல் இருப்பதற்காகவே விடுப்பு எடுத்திருந்தேன். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். மணிக்கொரு தடவ சூடு பாத்துச் செவுத்துல எழுதுங்க. அவ்வளவுதான்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. ஆனாலும் ஒண்ணும் செய்யாதீங்க."

கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் அவள் சாக்பீஸால் கட்டம் போட்டு வைத்திருந்தாள். மழை இல்லாத காலம். தினமும் எழுதி, படம் பிடித்து, வாரம் ஒருமுறை அழிப்பாள். வந்தவர்கள் யாரானாலும் மாடி ஏறியதும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

மோட்டார் நின்றதும் நான் தெருவை எட்டிப் பார்த்தேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாகவும் சாயங்காலம் ஆகும் என்றும் எதிர்வீட்டுக்காரர் சொன்னார். சாயங்காலம். சித்திரை வெயில் அப்போதுதான் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வழக்கமாக மத்தியானம் எட்டிப்பார்க்கும் கடல்காற்றையும் காணோம். மணல் வரிசையில் இருபத்தேழில் நின்ற தெர்மாமீட்டர் இருபத்தொன்பது ஆனது. முப்பது ஆனது. மகளுக்குப் போன் போட்டேன். தேர்வு அறைக்கு வெளியே பைக்குள் அணைந்து கிடக்கும் என்று தெரிந்தே மூன்று முறை போட்டேன்.

என் மனைவி மேலே வந்து பார்த்தாள். "நெழல் கட்டுவமா?" என்றாள்.

"ரெண்டு வரிசைக்கும் ஒரே வெயிலு இருக்கணுமாம். ஒண்ணுக்கு மட்டும் நெழல் கட்டுனா கணக்கு மாறிடும்" என்றேன், எல்லாம் தெரிந்தவனைப்போல.

முப்பத்திரண்டு. அதிகம் கவலைப்படுகிற மனிதன் நான். குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஜுரம் வந்தால் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவேன். அன்றும் அப்படித்தான் தொட்டிகளைச் சுற்றினேன். ஜுரத்துக்கு என்ன செய்வோம்? நெற்றியில் ஈரத்துணி போடுவோம். ஐஸ் வைப்போம். ஐஸ் என்றதும் என் மனைவியின் தம்பி நினைவுக்கு வந்தான்.

அவன் லோடு ஆட்டோ வைத்திருக்கிறான். ஐஸ் கம்பெனியிலிருந்து துறைமுகத்துக்கு ஐஸ் பார் ஏற்றிப்போவது அவன் வேலை. கடலோரத்து ஊரில் வீட்டு விசேஷமென்றாலும் சரி, துக்கமென்றாலும் சரி, எதையாவது குளிர வைக்க வேண்டுமானால் முதலில் போன் போவது இவனைப்போல ஒருவனுக்குத்தான். அரைமணி நேரத்தில் வந்துவிட்டான். சாக்கு சுற்றிய முழு பாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். படியெல்லாம் தண்ணீர்.

"எங்க மச்சான் வைக்கணும்?"

"தொட்டிக்குள்ள போடு மாப்ள. இந்த வரிசைக்கு மட்டும்."

"மீனு கெடாம இருக்க பெட்டிக்கு ரெண்டு கட்டி போடுவோம். வெள்ளரிக்கு எத்தன கட்டி?"

"போடு, பாப்போம்."

கம்பியால் குத்தி உடைத்தான். தெர்மாகோல் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆறு தொட்டியிலும் கட்டி கட்டியாக இறக்கினான். தெர்மாமீட்டரில் கோடு இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு வந்தது. இருபத்தைந்து. இருபது. பதினாறு. நிறுத்தியிருக்கலாம். வெயிலுக்குச் சமமாகக் கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று மறுபடி போடச் சொன்னேன். பதினொன்றில் நின்றது. சுவரில் நேரம் போட்டு, பக்கத்தில் '11' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். என் மைத்துனன் ஒரு பிஞ்சைப் பறிக்கப் போனான். "அதத் தொடாத. அதெல்லாம் எண்ணி வச்சிருக்கா" என்று அவன் அக்கா கையைத் தட்டினாள்.

மீன் வாடைக்கு ஒரு பூனை மதில்மேல் வந்து உட்கார்ந்தது. பின்னாலேயே இரண்டு காக்கை. அதைப் பார்த்து நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அத்தோடு சரி.

முதலில் ஓர் இலைதான். கைக்குட்டையை நனைத்துப் போட்டதுபோல் தொங்கியது. பிறகு அந்தச் செடி முழுக்க. பிறகு பக்கத்துத் தொட்டி. அரைமணி நேரத்துக்குள் ஆறு செடிகளும் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு சரிந்தன. வேர் முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போதே தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாங்கள் கை வைக்காத கறுப்புத் தொட்டிச் செடிகள் வெளிறிய இலைகளோடு நேராக நின்றன.

"சூடு போதலையோ? வெந்நி வச்சுக் கொண்டாரட்டுமா?" என்றேன் மனைவியிடம். அவள் பதில் சொல்வதற்குள் கீழே இறங்கிக் கேஸ் அடுப்பில் அண்டாவை ஏற்றிவிட்டேன். கொதி வந்ததும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். படியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தேர்வு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், என் போன் அழைப்புகளைப் பார்த்துவிட்டு நிறுத்தத்திலிருந்து ஓடிவந்திருக்கிறாள்.

மாடி வாசற்படியிலேயே நின்றாள். ஈரத் தரை, சாக்கு, ஐஸ் கட்டிகள், பூனை, அண்டாவோடு நான், தொங்கிக் கிடக்கும் ஆறு செடிகள். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாலும் தாங்கியிருப்பேன்.

"அப்பா, அண்டாவ கீழ வைங்க" என்றாள். "மாமா, இது உப்புப் போட்ட ஐஸா?"

"இல்ல பாப்பா. கம்பெனிலேர்ந்து நேரா வருது. மீன்மேல இன்னும் படல."

"அப்ப இந்த வாட?"

"அது என் சாக்கு."

அவள் வாய் ஓரம் லேசாக அசைந்தது. அடுத்த நொடி கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு செடியாகப் படம் பிடித்தாள், தெர்மாமீட்டரையும் சேர்த்து. எனக்குப் பொறுக்கவில்லை. "மொதல்ல காப்பாத்துடி, படம் அப்பறம் எடுக்கலாம்" என்றேன்.

"ஒரு நிமிஷம்ப்பா. இத மறுபடி பாக்க முடியாது."

அதன்பிறகு அவள் சொல்லச் சொல்ல நாங்கள் மூவரும் செய்தோம். கரையாத கட்டிகளை எடுத்து வெளியே போட்டோம். அவள் அம்மாவின் நூல்புடவைகளைக் கொண்டுவந்து இரண்டு வரிசைக்கும் சேர்த்தே நிழல் கட்டினோம். வெந்நீர் வேண்டாம் என்றாள். "குளுருல வேரு விறைச்சுப் போயிருக்கு. தண்ணிய மேல ஏத்த முடியல. மேல வெயிலு எலையிலேர்ந்து தண்ணிய உறிஞ்சிக்கிட்டே இருக்கு. இப்ப சூட்டுல போட்டா செத்துரும். மொதல்ல எலையோட தாகத்தக் கொறைப்போம். தண்ணி தானா மெல்ல ஏறட்டும். ஆனா காத்து வேணும். கரண்ட் இல்ல."

பிறகு என் மைத்துனன் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில இருந்தீங்கல்ல?"

"இருந்தேன். அது ஆவும் பத்து வருஷம்."

"கை மறந்து போயிருக்குமா?"

"டீ ஆத்துற கை எப்புடி மறக்கும்?"

"அப்ப ஆத்துங்க."

அப்படித்தான் அந்த மத்தியானம் போனது. ஆளுக்கொரு செம்பு. தொட்டித் தண்ணீரை மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து நூல்போல ஊற்றினோம். மொண்டு மொண்டு ஊற்றினோம். விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் குமிழி விட்டது. என் மைத்துனன் ஒரு சொட்டு சிந்தாமல் தலைக்குமேலிருந்து ஆற்றினான். நான் ஊற்றியதில் பாதி என் வேட்டியில்.

"மச்சான், நீங்க ஆத்துனா கடை ஒரு நாள்ல மூடிரும்" என்றான்.

"நீ ஐஸ் கொண்டாந்த வேகத்துக்கு நான் தேவலாம்டா."

"போடு போடுன்னு சொன்னது யாரு?"

"ரெண்டு பேரும் பேசாம ஆத்துங்க" என்றாள் என் மனைவி.

ஆற்றிக்கொண்டே மகளிடம் சொன்னேன். "முப்பத்திரண்டு ஆயிருச்சும்மா. பயந்துட்டேன்."

"ஒரு மத்தியானத்துக்கு முப்பத்திரண்டு தாங்கும்ப்பா. நான்தான் அதச் சொல்லிட்டுப் போயிருக்கணும். ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னா உங்களுக்கு எப்புடி முடியும்?"

வெயில் சாயத் தொடங்கியபோது கடல்காற்று வந்தது. புடவைகள் படபடத்தன. அரைமணிக்கு ஒருமுறை அவள் இலைக்காம்பு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுவரில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு செடியின் நுனி முதலில் தலையைத் தூக்கியது. மின்சாரம் வந்து மோட்டார்கள் மறுபடி முனகத் தொடங்கியபோது நான்கு செடிகள் எழுந்திருந்தன. இரண்டு எழவில்லை. மறுநாளும் எழவில்லை.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரம், ஈரத்துணியோடு மாடிக்குப் போனேன். '11' என்ற என் கொட்டை எழுத்து சுவரில் அப்படியே இருந்தது. அதை அழித்து, செத்த இரண்டையும் எடுத்துவிட்டு, மின்சாரம் போனதில் கெட்டுவிட்டதாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? துணியைச் சுவரில் வைத்துவிட்டேன். பின்னால் அவள் குரல்.

"அப்பா, அது இருக்கட்டும்."

"ஐஸ் போட்டத எதுக்கும்மா சொல்லணும்? கரண்ட் போயிருச்சுன்னு மட்டும் சொல்லு. அதுவும் நெசந்தான்."

"கரண்ட் போனதுனால இந்த எல வாடலப்பா. ஐஸால வாடுனது. ஒரே வேரு, ஒரே உரம். சூட்டுல சாப்புட முடியலன்னு ஒன்றரை மாசமா காட்டிட்டேன். குளுருலயும் முடியாதுன்னு நேத்து அரைமணியில தெரிஞ்சிருச்சு. அத மறைச்சிட்டு என்னத்தக் காட்டுறது?"

"செடி பாக்க வர்ற அந்தம்மா ஒத்துக்கலன்னா?"

"அப்ப அடுத்த வருஷம் மறுபடி போடுறேன்." சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு, "துணியக் குடுங்க" என்று வாங்கிப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கு முன் யாருக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் நடுவில்தான் இத்தனை வருடமும் உட்கார்ந்திருக்கிறேன், நானும் பார்ப்பேன். இந்தப் பெண் எங்கிருந்து இப்படி வந்தாள் என்று தெரியவில்லை. அன்று காலை அத்தனை பயத்துக்கு நடுவிலும் தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, மேலே வந்து என் மகள் எழுதி வைத்திருக்கும் சுவரைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இன்றும் வீட்டில் மின்விசிறி நின்றால் என் காது மாடியைத் தேடுகிறது.

அதற்கு மறுநாள் தேர்வாளர் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. நான் பத்து முறை வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். என் மைத்துனன் சவாரியை விட்டுவிட்டு வந்து, துவைத்த சட்டையோடு ஓரமாக நின்றான். அவனைப் போகச் சொன்னோம், "ஐஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றான். மகள் மட்டும் மாடியில் செத்த இரண்டு செடிகளையும் அதே தொட்டிகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. என் வயதைவிடக் கூடுதல் இருக்கும், கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் இறங்கினார். பஸ் வழியில் நின்றுவிட்டது என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மாடி ஏறினார். கறுப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பழுப்பேறிய வேரைப் பார்த்தார். மணல் தொட்டியைத் தூக்கி வெள்ளை வேரைப் பார்த்தார். செத்த செடியைத் தூக்கினார். பிறகு சுவருக்குப் போனார். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துக்கொண்டே வந்தவர், '11' என்ற இடத்தில் நின்றார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுங்க" என்றேன். "ஐஸ் போடச் சொன்னதும் நான்தாங்க. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவ பரீட்சைக்குப் போயிருந்தா..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே அரைமணிக்கு ஒருமுறை என் மகள் எழுதியிருந்த வரிகளை முதலிலிருந்து மறுபடி படித்தார். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சூட்டுலயும் குளிர்லயும் வேரு முடங்குறத இத்தன வருஷமா நான் போர்டுல படமா வரைஞ்சுதான் காட்டியிருக்கேன். கண்ணால பாத்ததில்ல" என்றார் அவளிடம். "நீ கரண்ட் போனதுலேர்ந்து சொல்லும்மா. ஒண்ணையும் விடாத." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், எனக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க. இது சீக்கிரத்துல முடியாது."